கொய்யா இலைமேல் மில் கரி

அரிசி மில்லுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களை வெள்ளைச் சீருடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கொடியில் காய்ந்த சட்டையை எடுக்கும்போது தோள்பட்டையில் நாலைந்து கறுப்புத் துகள்கள் உட்கார்ந்திருக்கும். விரலால் தட்டக் கூடாது; தட்டினால் இழுவிக்கொள்ளும். வாயால் ஊத வேண்டும். உமிக்கரிக்கு எடையே கிடையாது, பறந்துவிடும். முப்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நம் வயதுக்காரர்களில் எத்தனை பேர் அப்படி ஊதிவிட்டுப் பள்ளிக்கூடம் போனீர்கள் என்று தெரியவில்லை. நானும் என் தங்கையும் ஒரு வருடம் போனோம். அம்பாசமுத்திரத்திலிருந்து முக்கூடல் போகும் சாலையில், ஒரு மில்லின் மதிலை ஒட்டி, அம்மா செடித் தோட்டம் வைத்திருந்த வருடம் அது.

இன்று என் வேலை, நாற்றுப் பண்ணைகளுக்குப் போய், கன்றுகள் விற்பனைக்கு வெளியே போகுமுன் சோதித்துச் சான்று தருவது. வேர்மண், தண்டு, கணு, இலை என்று ஒரு வரிசை உண்டு. வரிசை மாறாமல் பார்ப்பேன். இலைக்கு வரும்போது கை தானாக அடிப்பக்கத்தைத்தான் முதலில் திருப்பும். கல்லூரியில் இப்படித்தான் சொல்லித்தந்தார்களா என்று உடன் வருகிறவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். பண்ணைக்காரர் காத்துக்கொண்டிருப்பார், விளக்கம் சொல்ல நேரம் இருக்காது.

நாங்கள் மதுரையிலிருந்து வந்தோம். எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஏழு. அப்பா அடிப்பவர் இல்லை, குடிப்பவரும் இல்லை. வேலைக்குப் போகும்போது வெளிக்கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். பள்ளி நாட்களில் அம்மா மட்டும் உள்ளே இருப்பாள். விடுமுறையில் நாங்களும் இருப்போம். காய்கறிக்காரர் ஜன்னல் கம்பி வழியாகக் கத்தரிக்காயை ஒவ்வொன்றாக நீட்டுவார். முட்டைக்கோஸ் கம்பிக்குள் நுழையாது. அதனால் எங்கள் வீட்டில் முட்டைக்கோஸ் சமைத்ததே இல்லை. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கோடை விடுமுறையில் அம்மா அப்பாவிடம் கேட்டுக்கொண்டு, எங்களைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலியில் இருந்த மாமா வீட்டுக்கு வந்தாள். திரும்பிப் போகவில்லை. மாமா அம்மாவின் அண்ணன், அரசு அலுவலகம் ஒன்றில் மேலாளர். ஒரு காலத்தில் ஆற்றங்கரை வரைக்கும் குடும்பத்துக்கு நிலம் இருந்ததாம். மிஞ்சியது மில்லை ஒட்டிய அந்தத் துண்டு இடமும், ஓடு வேய்ந்த ஓர் அறையும், இரண்டு கொய்யா மரங்களும்தான். அதைத்தான் மாமா கொடுத்தார். கொடுக்கும்போதே கணக்கையும் சொல்லிவிட்டார்.

"ஒரு வருசம் பாரு. செடி வித்துப் பொழச்சிக் காட்டுனா இரி. இல்லன்னா நானே வண்டி வெச்சு மாப்பிள்ள வீட்டுல கொண்டுபோயி விட்டுருவேன். எனக்கும் பொட்டப்பிள்ள இருக்கு. நாளைக்கிச் சம்பந்தம் பேச வாரவனுக்கு நான் பதில் சொல்லணும்."

அம்மா தலையை ஆட்டினாள். அவள் வேதியியல் பட்டம் பெற்றவள். செடி வளர்ப்பு பழகியது பூட்டிய வீட்டின் மொட்டை மாடித் தொட்டிகளில். அன்றே என்னை உட்காரவைத்து, தேவையானவற்றை வாய்விட்டுச் சொன்னாள். கறுப்புப் பாலித்தீன் பைகள், செம்மண், மணல், தொழுவுரம், கத்தி, பூவாளி. நான் அதைத் திருப்பிச் சொன்னேன். எனக்கு இப்போதும் எதையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும். அந்தப் பழக்கம் அங்கே தொடங்கியது.

மில் அண்ணாச்சி முதலில் எங்களுக்கு நல்லதுதான் செய்தார். பெருத்த உடம்பு, வழுக்கைத் தலை, வெற்றிலை போடாத நேரத்திலும் மென்றுகொண்டே இருக்கும் வாய். மில்லின் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து மதிலைத் துளைத்து ஒரு குழாய் போட்டுத் தந்தார். மண்ணில் கலக்க உமிச்சாம்பல் எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளச் சொன்னார். மதியம் நெல் அவியும்போது எழும் வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஈரமும் இனிப்புமாக, பசியைக் கிளப்பும் வாசனை. அது மதில் தாண்டி வந்து எங்கள் துணிமணி, தலைமுடி, பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும்.

குரோட்டன்ஸ், இட்லிப்பூ, அரளி, நந்தியாவட்டை, எலுமிச்சை, கறிவேப்பிலை என்று அம்மா சேர்த்துக்கொண்டே போனாள். கைகொடுத்தது கொய்யாதான். உள்ளே சிவந்த பழம். ஐப்பசி மழையில் கிளைக்குக் கிளை பட்டையை வளையமாகச் சீவி, ஈரத் தேங்காய் நாரை வைத்து, பாலித்தீன் சுற்றிக் கட்டினாள். பதியம் என்பது அதுதான். கட்டுக்குள் வேர் விட்டதும் கிளையை வெட்டிப் பையில் நட்டுவிடலாம். இரண்டு மரமும் உடம்பெல்லாம் காயம்பட்டுக் கட்டுப்போட்டுக்கொண்டு நிற்பது போல இருக்கும். தங்கை பள்ளிக்குப் போகுமுன் அவற்றிடம் வலிக்குதா என்று கேட்பாள்.

தை மாதம் பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அம்மாள் காரில் வந்தார். மகளுக்கு வைகாசியில் கல்யாணம். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு குடும்பத்துக்கு ஒரு மரக்கன்று கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. இருநூறு கொய்யாக் கன்று கேட்டார். வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு கன்றைக் கையோடு வாங்கிக்கொண்டும் போனார். அந்த வண்டி திரும்பியதும் அம்மா எங்கள் இருவரையும் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இருநூறு கன்று போய்விட்டால் மாமா பேச முடியாது. எனக்கு அப்போது புரிந்தது அவ்வளவுதான், ஆனால் முழுதாகப் புரிந்தது.

மாசியில் கொய்யா இலைகள் கறுக்கத் தொடங்கின.

முதலில் அடிக்கிளைகளில். இலையின் மேல்புறத்தில் யாரோ அடுப்புக்கரியைத் தண்ணீரில் குழைத்துப் பூசியது போல. நான் வழக்கப்படி ஊதிப் பார்த்தேன், பறக்கவில்லை. தொட்டால் பிசுபிசு என்று ஒட்டியது. அம்மாவிடம் சொன்னேன். அவள் இலையை முகர்ந்து பார்த்தாள், நுனிநாக்கால் தொட்டும் பார்த்தாள்.

"இனிப்பா இருக்கு" என்றாள்.

அப்புறம் மதிலுக்கு மேலே ஆவி எழும்பிக்கொண்டிருந்ததை நிமிர்ந்து பார்த்தாள். விளக்கம் அந்த நிமிடத்திலேயே கிடைத்துவிட்டது. நெல் அவிகிற ஆவியில் மாவும் சர்க்கரையும் இருக்கிறது. அது குளிர்ந்து இலைமேல் படிகிறது. பசை மாதிரி ஆகிறது. புகைபோக்கியிலிருந்து வரும் கரி அந்தப் பசையில் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் ஊதினால் போகவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அம்புக்குறி போட்டு எங்களுக்கு வரைந்தே காட்டினாள். இலைகளில் எறும்பு ஏறி இறங்குவதற்கும் அதில் இடம் இருந்தது: இனிப்பைத் தேடி வருகின்றன. நான் இன்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் படத்தில் ஓர் அம்புக்குறிகூடக் காரணமில்லாமல் போட்டதில்லை. மில்லை ஒட்டி வாழ்கிறவள், வேதியியல் படித்தவள், வேறு எப்படி யோசிப்பாள்?

கிழிந்த உள்பாவாடைகளை நனைத்துக்கொண்டு நாங்கள் துடைக்கத் தொடங்கினோம். பள்ளி விட்டு வந்ததும் ஆளுக்கொரு வரிசை. இலையை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கையால் மேல்புறத்தை மட்டும் துடைப்போம். அடிப்புறம் பச்சையாகத்தானே இருக்கிறது? நகக்கண்ணில் கறுப்பு ஏறிவிடும். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் கையை ஒளித்துவைத்துக்கொள் என்பாள். துடைத்த இலை சில நாட்களில் மறுபடி கறுத்துவிடும். பைகளில் இருந்த கன்றுகளுக்கும் பரவியது.

அம்மா மில்லுக்குப் போய்ச் சொன்னாள். பலமுறை போனாள். அண்ணாச்சி வழுக்கையைத் தடவிக் கையை அவளிடம் காட்டினார்.

"நாப்பது வருசமா கரி பறக்கு தாயி. எந் தலைமேல படிஞ்சிருக்கத விடவா ஒஞ் செடிமேல படிஞ்சிருக்கு?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்திருக்கலாம், அவளுக்கு அன்று சிரிக்க வரவில்லை. பங்குனியில் மாசு பார்க்கும் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள். பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து மில்லில் நெல் மலைமலையாகக் குவிந்திருந்த நேரம். இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள், எங்கள் இலைகளைப் பிடித்துப் பார்த்தார்கள், விரலில் கறுப்பு ஒட்டியது. புகைபோக்கியில் வடிகட்டி மாட்டும்வரை பாய்லரை மூடச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணாச்சி மதில் ஓரமாக வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்லா."

"எத்தன வாட்டி சொன்னேன் அண்ணாச்சி. நீங்க சிரிச்சிய."

"சிரிச்சேன். சரிதான்." போகும்போது குழாயைப் பார்த்துச் சொன்னார்: "இத நான் அடைக்கல. மோட்டார் ஓடுனாத்தான தண்ணி. மில்லே ஓடல."

அன்றிலிருந்து கால்வாயில் இருந்து குடத்தில் சுமந்தோம். சித்திரை வெயிலில் பைகள் காலையில் நனைத்தால் மதியம் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். இலைகள் சுருண்டு மஞ்சளாகி விழுந்தன. கறுப்பு குறையவில்லை. ஆவியும் இல்லை, புகையும் இல்லை, வானம் துடைத்துவிட்டது போல இருந்தது; கறுப்பு மட்டும் கூடியது. நான் கேட்டேன். பழைய கரி, போகக் கொஞ்ச நாளாகும் என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மில்லின் களத்தில் நெல் காயப்போடும் பெண்களுக்கு அந்த ஒரு மாதம் கூலி இல்லை. அவர்களில் மூத்தவர் எங்களுக்குப் பின்வரிசை வீட்டில் இருந்தார். நாங்கள் வந்த புதிதில் அம்மாவுக்குக் குடம் இரவல் கொடுத்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "செடிக்கு மூச்சு முட்டுதுன்னு மில்லு அடுப்ப அணச்சிட்டாக. எங்க வீட்டு அடுப்பும் கூடச் சேந்து அணஞ்சிட்டு. அத யாருக்கு எழுதிப் போட?"

அம்மா குனிந்து இலை துடைத்துக்கொண்டே இருந்தாள். குடத்தை மறுநாள் காலையில் தங்கையிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

வைகாசி பிறந்து, மில்லில் வடிகட்டி மாட்டி மறுபடி புகை வரத் தொடங்கிய வாரம், கல்யாண வீட்டு அம்மாள் காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு செம்பருத்திக் கிளை. மூச்சு வாங்கக் கன்றுகளைப் பார்வையிட்டார். நாங்கள் அன்று காலைதான் துடைத்திருந்தோம், பச்சையாக நின்றன. அவருக்குத் திருப்தி. பிறகு கிளையை அம்மாவிடம் நீட்டினார்.

"ஒங்க கன்ன எங்க செம்பருத்தி பக்கத்துலதான் வெச்சேன். ரெண்டும் சேந்து கறுத்துப் போச்சும்மா. இங்கன மில்லு இருக்கு, சரி. எங்க தெருவுல எந்த மில்லு இருக்கு, சொல்லுங்க?" சிரித்தார். "என்ன ஒரம் வைக்கட்டும்?"

அம்மா கிளையை வாங்கிக்கொண்டாள். உரம் வேண்டாம், பார்த்துச் சொல்கிறேன் என்றாள். அடுத்த வாரம் வேன் வரும், துணிப்பைகளில் மணமக்கள் பெயர்கூட அச்சடித்தாயிற்று என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். கார் போன பிறகும் அம்மா அங்கேயே நின்றாள். தூசி அடங்கியது. அவள் செம்பருத்தி இலை ஒன்றைத் திருப்பினாள்.

நடுநரம்பை ஒட்டி, இரண்டு பக்கமும், பச்சை நிறத்தில் சின்னச் சின்ன முட்டைவடிவக் கேடயங்கள். இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டு. சிலவற்றின் அடியில் பஞ்சு போல வெள்ளை. கால் தெரியவில்லை, தலை தெரியவில்லை, நகரவும் இல்லை. அம்மா கட்டைவிரல் நகத்தால் ஒன்றைச் சுரண்டினாள். மஞ்சளாக நீர் கசிந்தது.

"எக்கா, இது உயிரோடயா இருக்கு?" என்று தங்கை என்னிடம் கேட்டாள்.

செதில் பூச்சி என்ற பெயர் எனக்குக் கல்லூரியில்தான் கிடைத்தது. குஞ்சாக இருக்கும்போது மட்டும் நன்றாக ஊரும். பிடித்த இடம் கிடைத்ததும் மூக்கைச் செருகி உட்கார்ந்துவிடும். வளர்ந்த பிறகு பெரும்பாலும் அங்கேயேதான் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். மிஞ்சிய இனிப்பைச் சொட்டாகக் கீழே விடும். கீழே இருக்கும் இலையின் மேல்புறத்தில் அது படியும், அதில் கரும்பூசணம் வளரும். எறும்புகள் அந்த இனிப்புக்காகப் பூச்சிக்குக் காவல் நிற்கும். நாங்கள் மாதக்கணக்கில் துடைத்தது பூசணத்தை. இலையை உள்ளங்கையில் ஏந்தும்போது பூச்சிகள் எங்கள் தோலைத் தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

அம்மா ஒவ்வொரு பையாகக் குனிந்து இலையைத் திருப்பினாள். நாங்கள் பின்னாலேயே போனோம். இரண்டாம் வரிசையில், "இதுலயும்" என்றாள். அதற்குப் பிறகு அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டு போனாள். குரல் வரவரக் குறைந்தது. கடைசியில் கொய்யா மரத்தடிக்குப் போய் நிமிர்ந்து பார்த்தாள். கீழே நின்று பார்த்தால் எல்லா இலையும் அடிப்பக்கம்தான் தெரியும். அத்தனை மாதமும் அங்கே நின்றுதான் நாங்கள் அண்ணாந்திருக்கிறோம். தளிர் தெரிகிறதா, பழம் தெரிகிறதா என்று பார்த்தோம். அவள் மரத்தில் சாய்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, சத்தமில்லாமல் குலுங்கினாள்.

இன்று யாராவது கேட்டால் நான் வழி சொல்வேன். மோசமான கிளைகளைக் கழித்து அப்புறப்படுத்துங்கள். எறும்பு ஏறாமல் தூரில் தடை கட்டுங்கள். சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ இலையின் அடியில் படும்படி, சில நாட்கள் இடைவெளியில் திரும்பத் திரும்பத் தெளியுங்கள். பொறிவண்டு வந்தால் கொல்லாதீர்கள். பொறுமையாகச் செய்தால் சில மாதங்களில் மரம் தேறிவிடும். எங்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. பஸ் ஏறினால் வேளாண்மை அலுவலகம் இருந்தது. நாங்கள் அங்கே போகவில்லை. கரிக்கு யாரிடம் போக வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது, அங்கே போனோம். உண்மை தெரிந்தபோது கையில் ஒரு வாரம்தான் இருந்தது.

சாலையோர டீக்கடையில் சிவப்புப் பெட்டி ஒன்று தொங்கும், ஒரு ரூபாய் போட்டால் பேசலாம். இப்போது எங்கேயும் காணோம். அம்மா அதில் மாமாவைக் கூப்பிட்டாள். மாமாவின் குரல் எப்போதுமே பெரிது, பக்கத்தில் நின்ற எங்களுக்கும் கேட்டது.

"அடியில எவன் பாக்கான்? மேல நல்லாத் தொடச்சி, தண்ணி தெளிச்சி ஏத்தி விடு. கல்யாணத்துக்கு வாரவன் இலையத் திருப்பிப் பாக்கவா வாரான்?"

"இருநூறு வீட்டுக்குப் போகும்ணே. ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு செம்பருத்தி நிக்கும், ஒரு எலுமிச்ச நிக்கும்."

"நின்னா நிக்கட்டு. ஊரான் வீட்டு எலுமிச்சதான் இப்பம் ஒனக்கு முக்கியமா? பிள்ளைகளப் பாரு."

அம்மா எங்களைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தது போல எனக்கு நினைவு; பெட்டிக்குள் இன்னொரு நாணயம் போட வேண்டியிருந்தது, அதனால் உண்மையாக இருக்கலாம்.

"ஒன் அழுக்கு எஞ் செடியில விழுதுன்னு ஊரக் கூட்டுனவ நான். எங்கிட்ட உள்ளத இருநூறு வீட்டுக்கு அனுப்பி வெச்சிட்டு, எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இங்கன இருப்பேன்?"

"அப்பம் இருக்காண்டாம். பெட்டியக் கட்டு."

கல்யாண வீட்டுக்கும் அதே பெட்டியிலிருந்து பேசினாள். கன்று தர முடியாது, கொடுத்த கன்றையும் செம்பருத்தியையும் வெட்டி எரித்துவிடுங்கள் என்றாள். அந்த அம்மாள் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அம்மா "சரிங்கம்மா", "எந் தப்புதாம்மா" என்று மாறிமாறிச் சொன்னாள். அந்தத் துணிப்பைகளில் பிறகு எவர்சில்வர் கிண்ணம் போட்டுக் கொடுத்தார்களாம்.

பச்சைச் செடி வெளியே எரியாது. அம்மா எரித்துப் பார்த்தாள். புகை மட்டும் வந்தது. அதன் பிறகுதான் மில்லுக்குப் போனாள். எங்களையும் கூட்டிக்கொண்டு போனாள், ஏன் என்று தெரியவில்லை. அண்ணாச்சி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நெல்லைப் பல்லில் கடித்து ஈரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அது ஒங்க கரி இல்ல" என்றாள்.

அவர் நெல்லைத் துப்பினார். அம்மா கொண்டுபோன இலையை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஒங்க அடுப்புல போட்டு எரிக்கணும். மரம் ரெண்டு, பை அத்தனையும். நீங்க மாட்டேன்னு சொன்னா எனக்கு வேற எடம் இல்ல."

"ஒரு மாசம் அந்த அடுப்ப அணைக்க வெச்ச. இப்பம் அதே அடுப்புக்கு வெறகு கொண்டாரியா?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் இலையை இன்னொரு முறை பார்த்தார். "ஈர வெறகு. பொக கூடத்தான் வரும். ஆபீசருக்கு நீயே சொல்லிரு." பாய்லர் ஆளைக் கூப்பிட்டு, சாயங்காலம் மதில் பக்கத்துக் கதவைத் திறந்துவிடச் சொன்னார். அது கேலியா சம்மதமா என்று எனக்கு அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மரங்களை அறுத்தார்கள். பைகளைக் கிழித்து மண்ணைக் கொட்டி, கன்றுகளைக் கட்டுக்கட்டாக நாங்கள் தூக்கிக்கொண்டு போனோம். எலுமிச்சையும் கறிவேப்பிலையும்கூடத் தப்பவில்லை. வேர்கள் வெள்ளையாக, நன்றாக ஓடியிருந்தன. அம்மா ஒவ்வொன்றின் வேரையும் ஒருமுறை பார்த்துவிட்டே நெருப்பில் போட்டாள். முடிந்ததும் அண்ணாச்சியிடம் போய், களத்தில் வேலை இருக்குமா என்று கேட்டாள்.

"எங்கிட்டக் கேக்காத. களத்துப் பொம்பளையள்ட்டக் கேளு. ஒரு மாசம் கூலி இல்லாமக் கெடந்தது அவளுவதான்."

களம் என்றால் மில்லின் பின்னால் பரந்து கிடக்கும் சிமெண்டுத் தரை. அவித்த நெல்லை அதில் பரப்பி, வெறுங்காலால் இழுத்து இழுத்து நடந்து கிளறிக் காயவைப்பார்கள். அம்மா அதன் ஓரத்தில் போய் நின்றாள். பெண்கள் நடையை நிறுத்தவில்லை. குடம் கொடுத்த அக்கா பக்கத்தில் வரும்போது மட்டும் நின்றார்.

"வாங்க, படிச்சவுகளே. என்ன, இங்கனயும் எதுவும் கறுத்திருக்கான்னு பாக்க வந்தியளா?"

"வேலைக்கு வந்தேங்க்கா."

"வெயில் அடிக்கும்."

"சரி."

"மேல கரி விழும்." யாரோ சிரித்தார்கள். அம்மா தலை குனிந்து நின்றாள். அக்கா கொஞ்ச நேரம் அவள் காலைப் பார்த்தார். கொலுசு கழற்றிய தடம் வெள்ளையாகத் தெரிந்தது. "கால் கொப்பளிக்கும். ராத்திரி வெளக்கெண்ண தடவுங்க. நாளைக்கிக் காலைல வாங்க."

பாளையங்கோட்டைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாமா வேன் கொண்டுவந்தார். அம்மா களத்தில் இருந்தாள். அவர் அறையைத் திறந்து, பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, எங்கள் பூப்போட்ட தகர டிரங்குப் பெட்டியை டிரைவரோடு சேர்ந்து வேனில் ஏற்றினார். பிறகு எங்கள் இருவரையும் ஏறச் சொன்னார். ஏறினோம். மாமா சொன்னால் ஏறுவதுதான் வழக்கம். தங்கை என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். மதுரை வீட்டில் ஜன்னல் எத்தனை என்று நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேன் மில்லின் பின்வாசலுக்கு வந்து நின்றது. மாமா இறங்கிக் களத்தின் விளிம்பு வரை போனார்.

"ஏளா, வா வெளிய. கெளம்பணும்."

அம்மா களத்தின் அந்தக் கோடியில் இருந்தாள். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தாள், தலையில் துண்டு. காலை இழுத்துக்கொண்டு எங்களை நோக்கித்தான் வந்தாள். பாதி தூரம் வந்ததும் நெல்லின் ஓரம் பிடித்துத் திரும்பிவிட்டாள். மாமா உள்ளே போகக் காலை எடுத்து வைத்தார்.

"நெல்லு மேல செருப்போட வராதிய" என்றது ஒரு குரல். அம்மாவுடையது இல்லை.

மாமா செருப்பைக் கழற்றினார். வைகாசி வெயில் சிமெண்டில் ஏறியிருந்தது. ஓர் அடி வைத்தார், காலை உதறிக்கொண்டு பின்வாங்கினார். மறுபடி வைத்துப் பார்த்தார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு அந்த விளிம்பிலேயே நின்று கத்தினார்: நம்ம வீட்டுப் பொம்பள ஊர் பாக்க நெல்லு மிதிக்கவா, நாளைக்கி நான் தலை காட்டணுமா வேண்டாமா, ஒழுங்கா வந்து வண்டியில ஏறு. களத்தில் ஐந்தாறு பெண்கள், யாரும் நிற்கவில்லை. அவர்களுக்கு நடுவில் அம்மாவும் நிற்காமல் நடந்தாள். மாமா பேசி முடித்தார். பிறகும் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சுற்று முடிந்ததும் வெளியே வந்தாள். மாமாவைக் கடந்து வேனுக்கு வந்தாள். கதவின் பிடியை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தாள். முகமெல்லாம் வேர்வையில் நெல்தூசி அப்பியிருந்தது.

"எறங்குங்கட்டி."

நாங்கள் இறங்கினோம். மாமா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தார். இனி இந்தப் பக்கம் வரமாட்டேன், இடத்தை விற்க ஆள் பார்த்துவிடுவேன் என்றார். அவர் சொன்னபடியே செய்தார். அம்மா வேனின் பின்பக்கம் போய் டிரங்குப் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். கனமான பெட்டி, பாதி வந்து மாட்டிக்கொண்டது. களத்திலிருந்து இரண்டு பேர் நெல்லை அப்படியே விட்டுவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்தார்கள்.